கேட்டவள் கைச் சோறு

எங்கள் ஆட்களின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். மலையின் பெயரையும் சொல்லமாட்டேன். எங்களைக் கேட்காமலே எங்கள் பெயர் ஒருமுறை வெளிநாட்டுப் பத்திரிகையில் வரைபடத்தோடு அச்சாகிவிட்டது. அந்தப் பெருமையே எங்களுக்குப் போதும். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிற மலை, ராகி விளைகிற மலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னை மகா என்று கூப்பிடலாம். அதுவும் அடிவாரத்து ஹாஸ்டலில் வார்டன் தன் வசதிக்காக வைத்த பெயர்தான்.

பெங்களூரில் ஒரு மரபணு ஆய்வுக்கூடத்தில் எனக்கு டெக்னீஷியன் வேலை. மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த செல்களைச் சாகாமல் வளர்ப்பது என் பொறுப்பு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு வைரஸைக் கலந்துவிட்டால் சில செல்கள் பெருகுவதை நிறுத்தவே நிறுத்தாது. குடுவையில் சிவப்பாக ஒரு திரவம் ஊற்றி, உடம்புச் சூடு இருக்கிற பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். அந்தத் திரவம்தான் அவற்றுக்குச் சாப்பாடு. தீர்ந்துபோனால் சிவப்பு வெளிறி மஞ்சளாகிவிடும். பழசை எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றினால் மறுபடி பெருகும். லேபில் இதற்கு ‘ஃபீட் பண்றது’ என்று பெயர். ரத்தம் கொடுத்தவர் எங்கேயோ இருப்பார், இல்லாமலும் போயிருப்பார். செல்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

காக்ஸ் டவுனில் அன்னம்மாள் ஆன்ட்டி வீட்டுப் பின்கட்டு அறையில் வாடகைக்கு இருந்தேன். ஆன்ட்டி நல்லவர்தான். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுப்பார், மழை வந்தால் என் துணியை எடுத்து உள்ளே போடுவார். நான் எது கொடுத்தாலும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார். ஒருநாள் நான் கொடுத்த பாயசம் அப்படியே வேலைக்காரம்மாவின் தூக்குவாளியில் போவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் கொடுக்கவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை. லேபில் மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்து ஒருவர் குழம்பை ஒருவர் எடுத்துக்கொள்வார்கள். என் டப்பாவுக்குள் மட்டும் யார் கரண்டியும் வராது. நீ என்ன ஆளு என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்துகொள்கிற சாமர்த்தியம் படித்தவர்களுக்கு உண்டு. ஆக, இரண்டு வருஷமாகப் பெங்களூரில் என் கையால் ஒருவரும் ஒரு வாய் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருத்திக்குச் சமைத்து, ஒருத்தி சாப்பிட்டு, ஒரு தட்டைக் கழுவி வைத்துவிட்டு அழுதிருக்கிறேன்.

சோற்றுக்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். எங்கள் மலையில் உறவெல்லாம் சோற்றில்தான். யார் கையால் சாப்பிட்டோமோ, அவர் கேட்பதை அன்றைக்கு வாய்திறந்து மறுக்கக் கூடாது. மனசில்லையென்றால் தரையைப் பார்த்தபடி பேசாமல் இருப்போம். கேட்டவர் புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவார். நிஜமாகவே பெரிய விஷயமென்றால் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்க வேண்டும். அப்போது ‘மாட்டேன்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் சொன்னவர், கேட்டவர் கையாலோ அவரோடு உட்கார்ந்தோ அடுத்த ராகி அறுப்பு வரை கை நனைக்க மாட்டார். அறுப்பு முடிந்து புது ராகியில் களி கிண்டிச் சேர்ந்து சாப்பிட்டால் அந்த மனத்தாங்கல் தீர்ந்தது என்று அர்த்தம். யாரும் கோபப்படுவதில்லை. முறை, அவ்வளவுதான்.

டாக்டர் பாமா என் மேலதிகாரி. மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். பாமா மேடம் தமிழில் ஆரம்பித்த வாக்கியம் கன்னடத்தில் போய் முடியும். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். 1994-ல் ரத்தம் எடுக்க எங்கள் மலைக்கு வந்த குழுவில் அவர்தான் வயதில் இளையவர். நான் அப்போது ஹாஸ்டலில். வந்தவர்கள் ஊருக்கே வயிறு நிறையப் புலாவ் போட்டார்கள். பிறகு ரத்தம் கேட்டார்கள். உங்கள் நோய்க்கு மருந்து பார்க்கத்தான் என்றார்கள். ஜனங்கள் தரையைப் பார்த்தார்கள். வந்தவர்களோ எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொண்டு ஊசியை எடுத்தார்கள்.

என் தம்பி பெயர் அய்யாவு. அவனுக்கு அந்த நோய் இருந்தது. பெற்றவர்கள் ரத்தத்திலிருந்து வருகிற சோகை நோய், எங்கள் மலையில் பல வீடுகளில் உண்டு. வலி வந்தால் மூட்டு மூட்டாகப் பிடுங்கும், அவன் சுருண்டுபோய்க் கிடப்பான். அவனிடமும் ரத்தம் எடுத்தார்கள். மருந்து வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பதினாறு வயதில் செத்துப்போனான். எங்கள் முன்னோர்கள் எந்த வழியாக இந்தியாவுக்குள் வந்தார்கள் என்று ஒரு கட்டுரைதான் வந்தது. எந்த வழியாக வந்தோம் என்று நாங்கள் யாரிடமும் விசாரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இரண்டாயிரத்தாம் ஆண்டு முடிகிற சமயம். பழைய ரத்தத்தை வைத்துப் புது ஆராய்ச்சி செய்வதற்கும், வெளிநாட்டு லேபுக்கு அனுப்புவதற்கும், கொடுத்தவர்களிடம் விளக்கிச் சொல்லி மறுபடி சம்மதம் வாங்க வேண்டும் என்று எங்கள் ஆய்வுக்கூடத்து எத்திக்ஸ் கமிட்டி சொல்லிவிட்டது. ஒரு சாயங்காலம் பாமா மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண் கலங்கியிருந்தது.

“உங்கிட்ட சொல்லாம இருக்கறது தப்புன்னு தோணித்து, மகா. உங்க ஊர் சாம்பிள் எதெதுன்னு இப்பத்தான் எடுத்துப் பார்த்தேன். நீ ஃபீட் பண்றியே, ஏழாம் நம்பர் ஃப்ளாஸ்க். அது அய்யாவு.”

நான் லேபுக்குத் திரும்பினேன். பெட்டியைத் திறந்து அந்தக் குடுவையை எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தேன். கொத்துக் கொத்தாகச் செல்கள். இரண்டு வருஷமாகப் பார்த்ததுதான். திரவம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பசி. புதுசு ஊற்றினேன். பெங்களூரில் என் கையால் ஒருவரும் சாப்பிடவில்லை என்று சொன்னேனே, அது அப்படியில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். அதன்பிறகு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி லேபுக்குள் நுழையும்போது வீட்டுக்குள் நுழைவதுபோல் இருந்தது. யாரும் இல்லாதபோது எங்கள் பேச்சில் அவனோடு பேசினேன். எப்போதாவது போனில் அம்மாவிடம் பேசுவதைத் தவிர, இரண்டு வருஷமாக வாயில் வராத பேச்சு அது. ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் மறுநாள் மஞ்சளாகிக் காட்டுவான். குடுவையில் இருப்பது என் தம்பி இல்லை, அவன் உடம்பில் ஓடிய சில செல்கள்தான் என்று எனக்குத் தெரியாதா? பட்டம் வாங்கியவள்தானே. தெரிந்தே பேசினேன்.

சம்மத விஷயத்தில் இயக்குநர் ஸ்ரீகண்டன், யாரையாவது மலைக்கு அனுப்பிக் கைநாட்டு வாங்கி வந்தால் போதாதா என்றார். பாமா மேடம் அவரோடு சண்டை போட்டு, ஊரிலிருந்து ஐந்து பேரைப் பெங்களூருக்கே வரவழைத்து, எல்லாவற்றையும் காட்டி, பிறகு கேட்பது என்று முடிவு செய்தார். ஊர்த் தலைவரான மூப்பர் பச்சைமுத்துவும் இன்னும் மூன்று பேரும் வருவார்கள். ஐந்தாவது ஆள் என் அம்மா சின்னத்தாயி. அய்யாவு இல்லாததால் அவனுக்காகப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். எங்கள் பேச்சு தமிழுக்குப் பக்கத்துப் பேச்சுதான் என்றாலும் கேட்டால் உங்களுக்குப் பாதிகூடப் புரியாது. இங்கே அதைத் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். பெங்களூர் முழுவதும் தேடினாலும் மொழிபெயர்க்க என்னைவிட்டால் ஆளில்லை.

அன்றைய நிகழ்ச்சிநிரலை பாமா மேடம் ஆசை ஆசையாகப் போட்டிருந்தார். வந்து இறங்கியதும் இட்லி, கேசரி. பிறகு லேபைச் சுற்றிப் பார்ப்பது. மதியம் வாழையிலைச் சாப்பாடு. அதன்பிறகு கூட்டம். இப்படியே நடந்தால் அம்மா சாப்பிட்ட வாயோடு கூட்டத்தில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பாள். சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள். அய்யாவு என்னோடு இருப்பான். நான் ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாம் நாள் குடுவையைக் கையில் எடுத்தபோது, புலாவ் தட்டோடு தரையைப் பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தது, நான் பார்க்காத அந்தக் காட்சி, கண்முன் வந்து நின்றது. ஒருமுறை சோற்றைப் போட்டு அவள் வாயை அடைத்தார்கள். இரண்டாம் முறை அடைக்கப்போவது நான். நேரே பாமா மேடம் அறைக்குப் போய், கூட்டத்தை முதலில் வையுங்கள், அது முடியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள் என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ராத்திரியெல்லாம் வேன்ல வர்றவங்களைப் பசியோட உக்கார வெச்சுக் கையெழுத்துக் கேக்கறதா? அதுக்குப் பேரு எத்திக்ஸா?”

எங்கள் முறையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அன்னிக்கி ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலை, மகா. எவ்வளவு நல்ல ஜனங்கன்னு நாங்க பேசிண்டே மலை இறங்கினோம்.”

நல்ல ஜனங்கள்தான், அதில் என்ன சந்தேகம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கும் கொஞ்சம் வாய் உண்டு.

தை பிறந்து சில நாளில் அவர்கள் வந்தார்கள். கூட்டம் முடிந்து அன்று சாயங்காலமே திரும்ப வேண்டும் என்று மூப்பர் கறாராகச் சொல்லியிருந்தார். அம்மா என் அறைக்கு வர நேரமிருக்காது. அதனால் விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்தேன். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் அவரைக்காய் வந்து குவிகிற காலம். அவரைப் பருப்பும் கருவாடும் போட்டு, அம்மாவுக்குப் பிடித்த காரத்தில் குழம்பு. வாசனைக்கு ஆன்ட்டி ஜன்னலைச் சாத்தினார். நான் இன்னும் கொஞ்சம் கருவாடு போட்டேன். லேப் சாப்பாட்டைத்தான் சாப்பிடக் கூடாது, மகள் கையால் சாப்பிட என்ன தடை என்று நினைத்துக்கொண்டு, கேரியரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

வேன் வந்து நின்றது. அம்மா இளைத்திருந்தாள். என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள், தலைமுடியை மோந்தாள். கேரியரைத் திறந்ததும் குழம்பு வாசனைக்கு அவள் கண் சிரித்தது. உட்கார்ந்து கையைக்கூடக் கழுவிவிட்டாள். அப்புறம் ஏதோ தோன்றியது போல என்னைப் பார்த்தாள்.

“இன்னைக்கு எங்ககிட்ட கேக்கப்போறது யாரு, கண்ணு?”

“டாக்டரம்மா.”

“அவுங்க பேச்சு எனக்கு விளங்காதே. எனக்கு விளங்கற பேச்சுல, வாயத் தொறந்து கேக்கறது யாரு?”

நான்தான் என்றேன். இத்தனை முறையையும் பாமா மேடத்துக்குப் பாடம் நடத்தியவளுக்கு இது உறைக்கவில்லை. அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கேரியரின் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி மூடி, என் பக்கம் நகர்த்தினாள். கேட்டு முடிந்ததும் பார்த்துக்கலாம் என்று மட்டும் சொன்னாள். சம்மதித்தால் சாப்பிடலாம், மறுத்தால் முடியாது. அது எங்கள் இருவருக்குமே தெரிந்துதான் இருந்தது.

முதலில் லேபைச் சுற்றிக் காட்டினோம். பாமா மேடம் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார், நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மூப்பர் நிறையக் கேள்வி கேட்டார். எங்கள் ரத்தத்தை யார் யார் பார்ப்பார்கள், அதை வைத்துச் சம்பாதிப்பார்களா, நாங்கள் வேண்டாமென்றால் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க மாட்டார்களா என்றெல்லாம். பாமா மேடம் எதையும் மழுப்பவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். கடைசியில் பெட்டியைத் திறந்து ஏழாம் நம்பர் குடுவையை எடுத்து அம்மா முன்னால் பிடித்தேன். அய்யாவு என்றேன்.

அம்மா தொடவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

“உசுரோட இருக்கானா?”

அவன் இல்லை, அவன் ரத்தத்தில் ஒரு பங்கு உயிரோடு இருக்கிறது என்றேன். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சாப்பாடு ஊற்றுகிறோம் என்றேன்.

“குழியில வெச்சன்னிக்குக் கடைசிச் சோத்தை அவன் கையில குடுத்து, தின்னுட்டுப் போ, திரும்பிப் பாக்காதன்னு சொல்லி அனுப்புனேன். அதுக்கப்புறமும் அவனுக்குச் சோறு போட்டது யாரு?”

“நான்தாம்மா.”

என்னம்மா சொல்றாங்க என்று பாமா மேடம் மெதுவாகக் கேட்டார். அந்த ஒரு பேச்சை நான் மொழிபெயர்க்கவில்லை.

கூட்டத்தில், ஊரில் இருக்கிற நோயாளிகளுக்காக ரத்தம் பார்ப்பதென்றால் வாருங்கள், வழிவழிக் கதை எழுதவும் கடல் தாண்டி அனுப்பவும் கொடுக்க மாட்டோம் என்று மூப்பர் சொன்னார். மற்ற மூவரும் அதையே சொன்னார்கள். அப்புறம் அம்மாவின் முறை. அய்யாவு ரத்தத்தை இங்கே வைத்துக்கொள்ளலாமா, வளர்க்கலாமா, ஆராய்ச்சி செய்யலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. சரி என்று சொல்லிவிடு அம்மா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“மாட்டேன். அவனை விட்டுருங்க. வலியில கெடந்த புள்ள, போய்ச் சேரட்டும்.”

வாழ்நாளில் முதல்முறையாக அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டேன். ‘வேண்டாமென்கிறார்’ என்று பாமா மேடத்திடம் சொன்னேன். அவர் எழுந்து அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். ஃப்ரீசரில் உறையவைத்திருக்கும் அவன் செல்களையும் சேர்த்து ஒரு துளி விடாமல் அழித்துவிடுவதாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

குடுவையில் பிளீச்சிங் கரைசலை ஊற்ற பாமா மேடம் கையை நீட்டினார். நானே ஊற்றுகிறேன் என்றேன். அம்மா பக்கத்தில் நின்றாள். சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து வெறும் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. சாப்பாடு தீர்ந்தபோதெல்லாம் மஞ்சளாகத்தான் ஆகும். நிறமே இல்லாமல் அதை நான் பார்த்ததில்லை. அம்மா என் முதுகில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

வாழையிலைச் சாப்பாடு அப்படியே கிடந்தது. ஊர்க்காரர்கள் வாசல் கேட்டுக்குப் பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்த களியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அவர்களோடு உட்கார எனக்கு வழியில்லை. கேட்ட பக்கத்து ஆள் நான். தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பாமா மேடம் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாலு மணிக்கு வேன் கிளம்பத் தயாரானது. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

“நீ கேட்டது சரி. நான் சொன்னதும் சரி. மனசுல வெச்சுக்காத.”

வைத்துக்கொள்ள மாட்டேன் என்றேன்.

“இனிமே இங்க உன் கையால யாரு சாப்பிடுவா?”

போனில் பேசும்போதெல்லாம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். கூட வேலை செய்கிற பெண்கள், சிநேகிதிகள், ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று. இப்போதும் ஒன்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் வந்து உண்மையைச் சொன்னவளிடம் எனக்குப் பொய் வரவில்லை.

“யாருமில்லம்மா.”

அம்மாவின் முகம் அப்படியே உடைந்துபோனது. இறங்கிவிடுகிறவள் போல வேன் கதவைப் பார்த்தாள். முன் இருக்கையில் மூப்பரின் தலை தெரிந்தது. எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ராகி அறுப்பு வரைக்கும் பொறுத்துக்க, கண்ணு.”

சரி என்று தலையாட்டினேன். வேன் நகர்ந்தபோதுதான் அவள் கையை விட்டாள். மலையில் ராகி அறுப்பு போன மாதம்தான் முடிந்திருந்தது.